எண் உள்ள வரி

மருந்துத் தாள்களும் லேபிள்களும் அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் பிழை பார்ப்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். எதிரே இருப்பவர் புரூஃபின்மேல் பென்சிலை ஓட்டியபடி கேட்பார். கமா வந்தால் 'கமா' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடைப்புக்குறி திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. "வெறும் வயிற்றில் கமா காலையில் மட்டும் முற்றுப்புள்ளி" என்று ஒருவர் ஓத, மற்றவர் நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருப்பதை வெளியாள் யாராவது பார்த்தால், இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்றுதான் முடிவு கட்டுவார்.

ஜன்னலோர மேஜையில் பதினொரு வருஷமாக அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் கணீரக்காவும் புள்ளியும்.

கணீரக்கா படிப்பவள். ஐம்பத்து மூன்று வயது. குரல் அப்படி. அவள் 'முற்றுப்புள்ளி' என்றால் நான்கு மேஜை தள்ளி இருப்பவர்களும் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தங்கள் வேலையைத் தொடர்வார்கள். புள்ளி கேட்பவள். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு காய்ச்சல் மருந்தால். கைக்குழந்தைகளுக்கு 2.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் 25 என்று வந்துவிட்டது. மூன்று பேர் பார்த்துச் 'சரி' போட்ட தாள் அது. அவள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பிடித்தாள். முதலாளி அகமகிழ்ந்து அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். அது அன்றிலிருந்து ஐந்து நிமிஷம் மெதுவாகவே ஓடுகிறது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியவள் என்று எல்லோரும் அவளைக் கொஞ்ச நாள் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகு அச்சகத்தில் ஒரு சட்டம் வந்தது: எண் உள்ள வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். இன்னொரு சட்டம் முன்பே உண்டு. கேட்பவரின் கண், படிப்பவரின் வாய்க்கு முன்னால் ஓடக் கூடாது. ஓடினால் மூளை தானே வாக்கியத்தை முடித்துக்கொள்ளும், பிழை நழுவிவிடும். புள்ளியின் கண் ஒரு நாளும் ஓடியதில்லை. அக்காவின் குரல் எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கே அவள் பென்சில் நிற்கும்.

கடைசியாக, தாளின் அடியில் இருவரும் சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் மிஷினுக்குப் போகாது.

இப்படிப் பதினொரு வருஷம் ஒருத்தி சொல்ல ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தால் உறவு என்ன ஆகும்? கூடப் பிறந்ததுபோல ஆகும். புள்ளிக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கணீரக்காவின் மகள் புள்ளியைச் 'சித்தி' என்றுதான் கூப்பிடுவாள். மகளுக்குத் திருமணமாகி மூன்று வருஷம். இன்னும் ஒன்றும் இல்லை என்று அக்கா சாப்பாட்டு வேளையில் பெருமூச்சு விடுவாள். புள்ளியும் சேர்ந்து விடுவாள். இரண்டு பெருமூச்சில் புள்ளியுடையது சற்றே நீளம்.

புள்ளிக்குத் திருமணம் நடந்ததே முப்பத்தேழு வயதில். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் நகர மாட்டார். குழந்தைக்காக இரண்டு தடவை சிகிச்சை எடுத்தாயிற்று. கையிருப்பு, நகை, அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில் போயின. முதல் தடவை கரு ஒட்டவே இல்லை. இரண்டாவது தடவை ஒட்டி, ஏழாவது வாரத்தில், அச்சகக் குளியலறையில் கலைந்துபோனது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் ஒரு சத்து டானிக்கின் தாளை முடித்துக் கொடுத்தாள். அன்றைக்குக் கணீரக்கா படித்துக்கொண்டே அழுதாள். கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சினாள். அது நடிப்பில்லை. பிற்பாடு எத்தனை யோசித்தும் புள்ளியால் அதை நடிப்பென்று சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா கறாரான பெண்மணி. "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்மா. ஏழு வாரம் நின்னிருக்கு, அதனால சொல்றேன். ஆனா நாப்பத்திரண்டு முடியறதுக்குள்ள. அதுக்கப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வேன்" என்றாள். புள்ளிக்கு அப்போது நாற்பத்தொன்று. மூன்றாவது தடவைக்கு விற்க வீட்டில் பாக்கி இருந்தது அந்தச் சுவர்க்கடிகாரம் மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் அச்சகத்தில் ஊழியர் நலக் கமிட்டி மருத்துவக் காப்பீட்டைப் பேசி முடிக்கக் கிளம்பியது. கமிட்டியில் ஆறு பேர். ஐந்து பேர் ஆண்கள். கருத்தரிப்பு என்ற வார்த்தை வந்தாலே ஐவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஆறாவது கணீரக்கா.

"புள்ளி, கருத்தரிப்புச் சிகிச்சையையும் இன்சூரன்ஸ்ல சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போறேன்" என்றாள் ஒரு நாள், டப்பாவைத் திறந்தபடி. "வெறுமனே கேட்டா அவங்க சிரிப்பாங்க. நீ பட்டதையெல்லாம் ஒரு கடிதமா எழுதிக் குடு. நான் படிக்கிறேன். என் குரல்ல படிச்சா கல்லும் கரையும்."

"ஐயோ, எல்லார் முன்னாடியுமாக்கா?"

"பேர் வேண்டாம்டி. பேர் போட்டா நான் விடுவேனா? வயசை மட்டும் தெளிவா எழுது. அதுதான் முக்கியம்."

புள்ளி நான்கு பக்கம் எழுதினாள். கணவரிடம் சொல்லாததையெல்லாம் எழுதினாள். குளியலறையில் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள், கதவுக்கு வெளியே யாரோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனது, எழுந்திரிக்க மனசு வராமல் தரை ஓடுகளை எண்ணியது, எல்லாம். முதல் வரியிலேயே 'எனக்கு நாற்பத்தொரு வயது' என்று எழுதினாள். எழுதி முடித்து, பிழை பார்த்து, இரண்டு கமா சேர்த்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதை நெஞ்சோடு அணைத்து வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் பேச்சு நடந்தது. ஒரு சாயங்காலம் கணீரக்கா மாடிப்படியில் இறங்கி வரும்போதே கத்தினாள்: "கிடைச்சாச்சுடி! மூணு தடவைக்குச் சேர்த்திருக்காங்க!" புள்ளி அவளைக் கட்டிக்கொண்டாள். எதிரே வந்த கட்டிங் மிஷின்காரர், இருவரையும் ஒரு வேலையும் இல்லாதவர்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனார். அன்றிரவு வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கே நகர்ந்தார். எழுந்து போய் அந்தக் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளிவைத்துவிட்டு வந்தார். "இனிமே நேரத்துக்கு ஓடும்" என்றார்.

விதிமுறைப் புத்தகமும் அவர்கள் அச்சகத்திலேயே அச்சுக்கு வந்தது. முப்பத்தாறு பக்கம். மேற்பார்வையாளர் அதை ஜன்னலோர மேஜையில் வைத்தபோது கணீரக்கா சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இதை நான் தனியாவே பார்த்துக்கறேன். கமிட்டியில பத்துத் தடவை படிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு. நீ அந்தச் சொட்டுமருந்துத் தாளைப் புடி, அதுதான் அவசரம்."

பதினொரு வருஷத்தில் அக்கா இப்படிச் சொன்னதே இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் புள்ளி நிமிர்ந்து பார்த்திருப்பாள். சொன்னது அக்கா. சாயங்காலம் முப்பத்தாறு தாள்களும் வரிசையாக அவள் முன்னால் வந்தன. அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றையும் நுனியில் தூக்கித் தூக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டாள். 2.5-இல் விழாத புள்ளியைப் பிடித்தவள் ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் வேலை போகும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவள்தான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காப்பீட்டுக்கென்று கீழ்த்தளத்தில் கண்ணாடி போட்ட ஒரு கவுண்டர். உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அட்டையை வாங்கி, கணினியில் தட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்களுக்கு இது வராது மேடம்."

"மூணு தடவைக்கு உண்டும்மா. எங்க அச்சகம்தான் புத்தகத்தையே அடிச்சது."

"உண்டு மேடம். ஆனா நாப்பது வயசு முடியாதவங்களுக்குத்தான். பதினாலாம் பக்கம் பாருங்க." கவுண்டருக்கு அடியிலிருந்து அதே புத்தகத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "உங்களுக்கு நாப்பத்தொண்ணு."

"என் வயசு எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் பாவம், என்ன செய்வாள். "தண்ணி வேணுமா மேடம்?" என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். புள்ளி அட்டையையும் அந்தப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்று, பதினாலாம் பக்கத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அதில் எண் இருந்தது.

வீட்டில் கணவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் புத்தகத்தை நீதானே பார்த்தே?"

"நான் பார்க்கல. அக்கா பார்த்தாங்க."

"அப்போ அவங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன பேசறீங்க? அவங்க எனக்காகத்தானே கமிட்டியிலே மல்லுக்கு நின்னாங்க?" என்று சீறினாள். லிஃப்ட் ஏன் நின்றது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் அவருக்கு. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்லிப் புண்ணியமில்லை என்பதும் தெரியும்.

மறுநாள் காலை அவள் முதலில் போனது பழைய புரூஃப்களை அடுக்கிவைக்கும் அறைக்கு. கட்டை அவிழ்த்து, பதினாலாம் பக்கத்தை உருவினாள். 'பெண்ணுக்கு நாற்பது வயது நிறைவடைந்திருக்கக் கூடாது.' அதற்கு நேர் கீழே அவளுடைய கையெழுத்து, வளைவெல்லாம் அழகாக. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்கு இப்படி எழுத்துபூர்வமான சாட்சி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் கட்டைப் பழையபடி கட்டாமலேயே வெளியே வந்தாள்.

கணீரக்காவைச் சாப்பாட்டு அறையில் பிடித்தாள். புத்தகத்தை விரித்து முன்னால் வைத்தாள். அக்கா முகம் வெளுத்தது. பிறகு கண் நிறைந்தது.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலடி. நானும் மனுஷிதானே? கடைசி நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க கழுத்துல கத்தி வச்ச மாதிரி வச்சுட்டாங்க. வயசு வரம்பு இல்லேன்னா மொத்தமும் கிடையாதுன்னுட்டாங்க. நான் உன் கடிதத்தைப் படிச்சேன், கெஞ்சினேன். கேட்கலையே! அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது அந்த வரியைத் தூக்கிடலாம்."

"அடுத்த வருஷம் எனக்கு நாப்பத்திரண்டு முடிஞ்சிருக்கும்கா."

"தெரியும்டி. தெரியும்." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

புள்ளி என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முந்தானையால் அக்காவின் கண்ணைத் துடைத்தாள். "விடுங்கக்கா, உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க" என்று சமாதானம் சொன்னாள். அடிபட்டவள் அடித்தவளுக்கு ஒத்தடம் கொடுத்த கதை. அன்று அவள் மனசில் அக்காவின் மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்த வருத்தத்தில்கூட, தனக்காக ஒருத்தி கெஞ்சினாள் என்ற ஆறுதல் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நான்கு மாதத்தை ஓட்டினாள்.

நான்காவது மாதக் கடைசியில் அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, கரு நின்னுடுச்சு! முதல் தடவையிலேயே! அம்மாவுக்கு அடுத்து உங்ககிட்டதான் சொல்றேன்." அம்மாவின் காப்பீட்டில் மணமான மகளுக்கும் இடம் இருந்ததால்தான் முடிந்தது என்று குதித்தாள். புள்ளி சந்தோஷப்பட்டாள். பொய்யில்லை. போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய்த் தரை ஓடுகளை எண்ணியதும் பொய்யில்லை. மணமான மகளுக்கும் இடம் உண்டு என்பதை அவள் அப்போதுதான் கேள்விப்பட்டாள். தன் கையெழுத்துப் போட்ட புத்தகத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நினைக்கவில்லை.

கணீரக்கா ஒரு வாரம் லீவு போட்டு மகளோடு இருந்துவிட்டு, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அன்றைக்கு மேஜையில் காத்திருந்தது நலக் கமிட்டியின் ஆண்டறிக்கை. அன்று மதியமே அச்சுக்குப் போக வேண்டும். பின்னிணைப்பாக, வருஷம் முழுக்க நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள்.

"இதை நான் தனியா..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்சே வேண்டாம்மா" என்றார் மேற்பார்வையாளர். நீங்கள் லீவில் இருந்தபோது களிம்பு லேபிள் ஒன்று தலைகீழாகப் போய்த் திரும்பி வந்தது, முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார் என்று விளக்கினார். "கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் ரெண்டு பேர் உட்கார்ந்துதான் பார்க்கணும். நான் இங்கேயே நிக்கறேன், ஆரம்பிங்க." நின்றும் கொண்டார். ஒரு பத்து நிமிஷம் நின்று, போன் வந்ததும் போனார். அதற்குள் அவர்கள் பாதி தூரம் வந்திருந்தார்கள்.

குறிப்பு எழுதியவர் ஸ்டெனோ ஐயா. பழைய காலத்து ஆள். கூட்டத்தில் யார் தும்மினாலும் எழுதிவிடுவார் என்று அச்சகமே கேலி செய்யும். அந்தக் கேலியைக் கணீரக்காவும் பலமுறை செய்திருக்கிறாள். ஆனால் அவர் எழுதி அச்சுக்குக் கொடுத்ததை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை.

"எண் மூன்று முற்றுப்புள்ளி" என்று படித்துக்கொண்டு போனாள். "உணவருந்தும் அறைக்கு இரண்டு மின்விசிறிகள் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது முற்றுப்புள்ளி." எண் இருந்ததால் மறுபடியும் படித்தாள். புள்ளியின் பென்சில் அந்தப் பத்தியின் கடைசிப் புள்ளியைத் தொட்டு நின்றது.

"எண் ஐந்து முற்றுப்புள்ளி சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு..."

"அக்கா, நாலு விட்டுப்போச்சு" என்றாள் புள்ளி. தலையைக்கூடத் தூக்கவில்லை. பதினொரு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"நாலு நான் பார்த்துட்டேன். சரியா இருக்கு."

"எப்பக்கா பார்த்தீங்க? இப்பதானே கைக்கு வந்துது? படிங்க."

அக்கா படிக்கவில்லை. புள்ளி நிமிர்ந்தாள். அப்போதும் புள்ளி புரூஃபில் நான்காவது பத்தியைத் தானாகப் படித்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. அவள் கண் ஓடவில்லை. சட்டம் சட்டம்தான் என்பதாலா, இல்லை, அக்கா வாயிலிருந்தே வரட்டும் என்று உள்ளே ஏதோ சொன்னதாலா, அவளுக்கே தெரியாது.

"படிங்கக்கா."

கணீரக்கா படித்தாள். அந்தக் குரலைக் கேட்கப் புள்ளி முன்னால் சாய வேண்டியிருந்தது, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக.

"எண் நான்கு முற்றுப்புள்ளி. மருத்துவக் காப்பீடு முற்றுப்புள்ளி. கருத்தரிப்புச் சிகிச்சை ஓர் ஊழியருக்கு ஒரு முறை மட்டும் வழங்கப்படும் எனக் காப்பீட்டு நிறுவனத்தார் கூறினர் முற்றுப்புள்ளி. வயது வரம்பு எதையும் அவர்கள் கோரவில்லை முற்றுப்புள்ளி."

பென்சில் நின்றது. "மேல" என்றாள் புள்ளி.

"மணமான மகள்களையும் சேர்த்து கமா மூன்று முறை வழங்குவதாயின் கமா நாற்பது வயதைக் கடந்த ஊழியர்களை நீக்கிவிடலாம் என மெய்ப்புப் பிரிவு உறுப்பினர் யோசனை கூறினார் முற்றுப்புள்ளி."

மெய்ப்புப் பிரிவிலிருந்து கமிட்டியில் இருந்தது ஒரே உறுப்பினர். அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள் புள்ளி.

"வேண்டாம்டி."

"இருக்குக்கா. படிங்க."

"நாற்பது வயதுக்கு மேல் சிகிச்சையால் பயனில்லை என்பதற்கு ஆதாரமாக கமா இரு முறை தோல்வியுற்ற 41 வயது ஊழியர் ஒருவரின் கடிதத்தை அவர் முழுமையாக வாசித்தார் முற்றுப்புள்ளி. உறுப்பினர்கள் மிகவும் நெகிழ்ந்தனர் முற்றுப்புள்ளி. யோசனை ஏற்கப்பட்டது முற்றுப்புள்ளி."

நான்கு மேஜை தள்ளி யாரோ கால்சியம் மாத்திரையின் அளவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அது தெளிவாகக் கேட்டது.

புள்ளிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அந்த நான்கு பக்கத்தையும் ஐந்து ஆண்கள் கேட்டு நெகிழ்ந்திருக்கிறார்கள். குளியலறையில் அவள் எண்ணிய ஓடுகளைக்கூடக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, 'பாவம், இந்த வயசுல எதுக்கு' என்று தலையாட்டி, அவளுக்கே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சாத்தச் சொன்னது அவள் முந்தானையில் கண் துடைத்துக்கொண்ட அக்கா. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இங்கே கத்தியைச் சாணை பிடித்து, கமா வைத்துத் திருத்திக் கொடுத்ததே அவள்தான்.

எந்த நாளில் அக்கா மாறினாள்? கடிதத்தை நெஞ்சோடு அணைத்து வாங்கினாளே, அப்போதா? 'வயசை மட்டும் தெளிவா எழுது' என்றாளே, அப்போதேவா? மகளுக்காகக் கேட்டிருந்தால் புள்ளி விட்டுக் கொடுத்திருக்க மாட்டாளா? 'ஒண்ணு உனக்கா, இல்ல என் பொண்ணுக்கான்னு நிலைமை வந்திருக்குடி' என்று நேராகச் சொல்லியிருந்தால், அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஒருவேளை அந்தக் குழந்தைக்காகச் சரி என்றும் சொல்லியிருப்பாள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு அவள் கையெழுத்தையும் வாங்கிவிட்டார்கள்.

கணீரக்கா தாளை மேஜையில் வைக்கப் போனாள்.

"வைக்காதீங்க" என்றாள் புள்ளி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எண் இருக்கு."

"என்ன?"

"நாப்பது இருக்கு. நாப்பத்தொண்ணு இருக்கு. எண் உள்ள வரியை ரெண்டு தடவை படிக்கணும்."

"புள்ளி, வேண்டாம்டி, உன் கால்ல வேணா..."

"சத்தமா படிங்க. எனக்குச் சரியா கேட்கல."

கணீரக்கா சுற்றிலும் பார்த்தாள். பிறகு படித்தாள். யோசனை கூறினார் முற்றுப்புள்ளி. கடிதத்தை அவர் முழுமையாக வாசித்தார் முற்றுப்புள்ளி. பாதியில் பழைய குரல் தன்னையறியாமல் வந்துவிட்டது. நான்கு மேஜை தள்ளிக் கால்சியம் மாத்திரை நின்றுபோனது. ஒரு தலை திரும்பியது, அப்புறம் இன்னொன்று. புள்ளியின் பென்சில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து கடைசிப் புள்ளியைத் தொட்டது. ஸ்டெனோ ஐயா கெட்டிக்காரர், பிழை எதுவுமே இல்லை.

கணீரக்கா மூக்கை உறிஞ்சினாள். மேஜைக்கு மேலே கையை நீட்டி, புள்ளியின் பென்சில் பிடித்த விரல்களைத் தொட வந்தாள்.

"பெத்த வயிறுடி. அவளுக்காக நான் வேற என்ன செய்வேன், சொல்லு? என்னை மன்னிச்சிடு புள்ளி."

புள்ளி கையை இழுத்துக்கொண்டாள். புரூஃபை நேராக வைத்து, பென்சிலை அடுத்த பத்தியின் தொடக்கத்தில் ஊன்றினாள்.

"அது மூலத்துல இல்ல" என்றாள். "எண் அஞ்சு. படிங்க."